இரண்டு சட்டமும் தென்னை நிழலும்

உங்கள் அத்தை வீட்டுத் தோப்புக்கு வெயிலில் ஓடும் மோட்டார் வந்தது ஒரு மார்கழி மாதம். தொண்ணூறுகளின் தொடக்கம். உங்களில் பெரியவன் அப்போது பால்வாடிக்குப் போய்க்கொண்டிருந்தான். சின்னவள் பிறக்கவில்லை. அதனால் இரண்டு பேருக்கும் இது தெரிந்திருக்க நியாயமில்லை.

தோப்பு என்று இப்போது சொல்கிறோம். அன்றைக்கு அது கான்சாபுரத்துக்கு மேற்கே மலையடியில் கிடந்த செம்மண் காடு. அதில் ஒட்டு மாங்கன்றுகளை வரிசையாக ஊன்றியிருந்தார்கள். கன்று முழங்கால் உயரம்கூட இல்லை. நடுவில் கிணறு, பக்கத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. கரண்டுக் கம்பி அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உங்கள் மாமா ஆயில் இஞ்சினை வைத்துத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். அரசாங்கத் திட்டத்தில் சூரிய மோட்டார் தருகிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டார். கிடைத்தது. கிடைத்த சந்தோஷத்தில் இஞ்சினை விற்றுவிட்டார்.

விற்ற பிறகுதான் உங்கள் அத்தைக்குச் சொன்னார். ஒட்டு மாங்கன்றுக்கு முதல் கோடைதான் கண்டம். அதைத் தாண்டிவிட்டால் வேர் கீழே இறங்கிவிடும். தாண்டாவிட்டால் நட்டது, குழி வெட்டியது, வேலி கட்டியது எல்லாம் போச்சு. அந்தக் கோடைக்கு இனி இந்த மோட்டாரைத் தவிர வேறு நாதி இல்லை. அத்தை அதைத்தான் சொன்னாள், சத்தம் போடாமல் சொன்னாள். மாமா, வெயிலுக்கா பஞ்சம் நம்ம ஊரில் என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான்.

எனக்கு ராஜபாளையத்தில் பேட்டரி சார்ஜ் போடும் கடை. கல்யாணத்துக்கும் கோயில் கொடைக்கும் பேட்டரியும் டியூப் லைட்டும் வாடகைக்குக் கொடுப்பேன். படிப்பு எட்டாவதோடு நின்றது. பேட்டரி தெரிந்தவனுக்குச் சூரியப் பலகையும் தெரியும் என்பது மாமாவின் கணக்கு. எதற்கெடுத்தாலும் எனக்கு ஆள் வரும். நான் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, வத்திராயிருப்பு பஸ்ஸுக்கு மாறிப் போவேன்.

மதுரையிலிருந்து வந்த ஆட்கள் எட்டுப் பலகைகளை இரண்டு இரும்புச் சட்டங்களில் பூட்டியிருந்தார்கள். கிணற்றுக்குக் கிழக்கே ஒரு சட்டம், மேற்கே ஒரு சட்டம், ஒவ்வொன்றிலும் மேலே இரண்டு, கீழே இரண்டு. அந்தக் காலத்துப் பலகைகளில் கண்ணாடிக்கு அடியில் வட்ட வட்டமாகக் கருநீலத் தகடுகள் வரிசையாக இருக்கும். உங்கள் அத்தை அதைப் பார்த்ததும் அப்பளம் என்றாள். பிறகு அந்தத் தோப்பில் எல்லோருக்கும் அது அப்பளப் பலகைதான்.

தை மாதம் முழுக்கத் தண்ணீர் குறைவில்லாமல் வந்தது. வெளியூரிலிருந்தெல்லாம் ஆட்கள் பார்க்க வந்தார்கள். எண்ணெயும் இல்லாமல் கரண்டும் இல்லாமல் குழாயில் தண்ணீர் கொட்டுவதைப் பார்த்து, அடேயப்பா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த அடேயப்பாதான் அத்தைக்குப் பொறுக்கவில்லை. ஒரு பூசணிக்காயில் சுண்ணாம்பாலும் கரியாலும் கண்ணும் மீசையும் எழுதி, மேற்குச் சட்டத்தின் முன்காலில் ஒரு மூங்கிலைக் கட்டி, அதன் நுனியில் தொங்கவிட்டாள். வருகிறவன் கண் முதலில் அதில் விழ வேண்டும்.

மாசியில் ஆள் வந்தது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் மட்டும் மெலிந்து வருகிறது என்றான் வந்தவன். நான் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

இந்த இடத்தில் பலகைகளின் இணைப்பைச் சொல்லிவிடுகிறேன். இது புரியாமல் மற்றது புரியாது. கட்டட வேலையில் சாந்துச் சட்டியைக் கைமாற்றி மேலே ஏற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆட்கள் வரிசையாக நிற்பார்கள், ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குச் சட்டி போகும். நடுவில் ஒருத்தி உட்கார்ந்துவிட்டால் அவள் பங்கு மட்டும் குறையாது. வரிசையே நின்றுபோகும். அப்பளங்கள் அப்படித்தான் ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன. பலகைகளும் அப்படியே. எட்டில் நான்கு ஒரு வரிசை, மற்ற நான்கு இன்னொரு வரிசை. இரண்டு வரிசையும் சேர்ந்து மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுவந்து கொட்டும்.

மீட்டரை வைத்துப் பார்த்தேன். ஒரு வரிசையில் சரியாக வந்தது. இன்னொன்றில் பேருக்கு வந்தது. திருகுகள் எதுவும் தளரவில்லை, வயரும் அறுபடவில்லை. பலகை ஒன்று கெட்டுப்போயிருக்கும், மதுரைக்கு எழுதிப் போட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். நடுமதியம்.

அன்றைக்கு அமாவாசை. புதுக்காய் மாற்றுவதற்காக அத்தை ஸ்டூலில் ஏறிப் பழைய காயைக் கழற்றினாள். கழற்றிய கையோடு மோட்டாரின் சத்தம் ஏறியது. குழாயில் தண்ணீர் மணிக்கட்டுக் கனத்துக்குக் கொட்டியது. மூன்று பேரும் குழாயையே பார்த்தோம்.

"ஏட்டி, அத மறுபடி மாட்டு" என்றார் மாமா.

மாட்டினாள். சத்தம் இறங்கியது. எடுக்கச் சொன்னார். ஏறியது. காயின் நிழல் கீழ்ப்பலகையில் இரண்டு மூன்று அப்பளங்களை மறைத்துக்கொண்டு கிடந்ததை அப்போதுதான் கவனித்தோம். தேங்காய் மூடி அளவு நிழல்தான். நெல்வயலில் ஒரு மரத்து நிழல் விழுந்தால் அந்த நிழலுக்கு அடியில் உள்ள நெல்தான் சோடை போகும், மற்றது விளையும். அந்தப் பழக்கத்தில்தான் நாங்களும் இம்புட்டூண்டு நிழல் என்ன செய்துவிடும் என்று இருந்திருக்கிறோம்.

"பாத்தீரா மச்சான்" என்றார் மாமா. "இம்புட்டு நாளும் திருஷ்டி வேற எங்கயும் இல்ல. காய்க்குள்ளதான் குடியிருந்திருக்கு."

"காய் தாங்கிக்கிடுச்சு" என்றாள் அத்தை. "இல்லன்னா மோட்டாரே போயிருக்கும்."

காயைச் சட்டத்துக்கு அடியில் தொங்கவிடு, நிழல் விழாது என்று யோசனை சொன்னேன்.

"அடியில தொங்குனா வாரவன் கண்ணு மொதல்ல பலகையில விழும், பொறவுதான் காயில விழும். அதுக்குக் காய் எதுக்குண்ணே?"

அதுவும் சரிதான். கடைசியில் வண்டிப் பாதை தோப்புக்குள் திரும்புகிற இடத்தில் வேலிக் கல்லில் கட்டினாள். வருகிறவர்கள் பலகையைப் பார்ப்பதற்கு முன்னால் காயைப் பார்த்துவிடுவார்கள். இரண்டு தரப்புக்கும் பாதகமில்லை.

பங்குனி பிறந்ததும் பெரிய நிழல் வந்தது.

கிழக்கு வரப்பு பக்கத்துத் தோட்டத்துக்காரருடையது. அவர் தெலுங்கு பேசுகிற பெரியவர், உங்கள் மாமாவை ஏமய்யா என்றுதான் கூப்பிடுவார். வரப்பின் வடபாதியில் அவருடைய தென்னைகள் வரிசையாக நின்றன. மார்கழியில் சூரியன் தெற்கே தள்ளி, மரமில்லாத பக்கம் உதித்தது. மதுரை ஆட்கள் அதைப் பார்த்துத்தான் இடம் குறித்தார்கள். தை பிறந்தால் சூரியன் வடக்கே நகரும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பொங்கலே வைக்கிறோம். ஆனாலும் சட்டம் நடும்போது அவர்களுக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. பங்குனியில் சூரியன் நேராகத் தென்னைகளுக்குப் பின்னால் ஏறி வந்தது. மேற்குச் சட்டத்தில் வெயில் சீக்கிரமே விழுந்துவிடும். வரப்பை ஒட்டிய கிழக்குச் சட்டத்தில் ஓலை நிழல் பதினோரு மணி வரைக்கும் ஆடிக்கொண்டே கிடக்கும். அதுவரை குழாயில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. சாயங்காலமோ, மலை முந்திக்கொண்டு வெயிலை வாங்கிவிடும். மலை நிழலுக்கு வைத்தியம் இல்லை. ஆகக் காலை வெயிலை மீட்டால்தான் கன்றுகளுக்குத் தண்ணீர்.

ஒவ்வொரு யோசனையாகச் செய்து பார்த்தோம். எது எவ்வளவு தேறும் என்று தெரிய, மத்தியான பஸ் ஹாரன் அடிக்கும்போது தொட்டியில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே உட்சுவரில் கரியால் கோடு போட்டுவிடுவோம். ஒன்றுமே செய்யாத நாளின் கோடு அடியில் இருந்தது.

முதல் யோசனை மாமாவுடையது. வீட்டிலிருந்த நிலைக்கண்ணாடியைக் கொண்டுவந்து, மேற்கே சாத்தி வைத்து, வெயிலைத் திருப்பிக் கிழக்குச் சட்டத்தில் அடித்தார். வெளிச்சம் விழுந்தது, ஆனால் ஒரு பலகையில் ஒரு மூலைக்குத்தான் விழுந்தது. மூலைக்கு வெளிச்சம் கிடைத்து வரிசைக்கு என்ன பிரயோசனம்? சூரியன் நகர நகர அவரும் கண்ணாடியை நகர்த்தினார். ஒரு தடவை வெளிச்சம் வரப்பைத் தாண்டி, பெரியவரின் உழவுமாட்டின் முகத்தில் அடித்துவிட்டது. மாடு கலப்பையோடு ஓடியது. பெரியவர் வரப்பில் வந்து நின்றார்.

"ஏமய்யா, மாட்டுக்கு மொகம் பாக்கக் கண்ணாடி காட்டுறியா? அது ஏற்கெனவே கல்யாணம் ஆனது."

கண்ணாடி வீட்டுக்குத் திரும்பியது. தொட்டியில் கோடு பழைய இடத்திலேயே விழுந்தது.

அடுத்தது, சட்டத்தைச் சாய்ப்பது. போல்ட்டைத் தளர்த்தி, காலையில் பலகைகளைக் கிழக்கே பார்க்க வைத்தோம், உச்சிக்குப் பிறகு மேற்கே. நிழல் இல்லாத இடத்தில் இது நல்ல முறை. பின்னாளில் வேறு தோட்டங்களில் பார்த்திருக்கிறேன், சூரியனுக்கு முகம் காட்டக் காட்டத் தண்ணீர் கூடும். எங்களுக்குச் சாயங்காலம் கொஞ்சம் கூடியது. காலையில் மாற்றமில்லை. அத்தை சொன்னாள், இருட்டறையில் உட்கார்ந்துகொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினால் ஆச்சா, ஜன்னலைத் திறக்க வேண்டாமா என்று.

ஜன்னலைத் திறப்பதென்றால் தென்னையைத் தொட வேண்டும். நம் பக்கத்தில் அதைத் தென்னம்பிள்ளை என்போம். காய்க்கிற பிள்ளையை வெட்டு என்று அதை வளர்த்தவரிடம் போய்க் கேட்க வாய் வராது. பெரியவர் தாமாகவே ஆளை ஏற்றி, தாழ்ந்த ஓலைகளையும் காய்ந்த மட்டைகளையும் கழித்துக் கொடுத்தார். கோடு ஒரு விரல் உயர்ந்தது. உச்சிக் குருத்தின் நிழல் அப்படியே இருந்தது.

நாலாவது, டையோடு என்கிற சின்ன ரேடியோச் சாமான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் மாறுகிற இடத்துக்கு எதிரே ரேடியோ ரிப்பேர் கடை ஒன்று உண்டு. அந்தக் கடைக்காரர்தான் சொன்னார். ஒவ்வொரு பலகையின் பின்பெட்டியிலும் ஒரு டையோடை வைத்துவிட்டால், பலகை நிழலில் கிடக்கும்போது மின்சாரம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடும். சட்டி கைமாற்றும் வரிசையில் உட்கார்ந்துவிட்டவளைத் தாண்டி, அடுத்தவள் எட்டிச் சட்டியை வாங்கிக்கொள்வது மாதிரி. எங்கள் பலகைகளின் பெட்டியில் அதற்கு இடம் இருந்தது, ஆனால் டையோடு இல்லை. மதுரை ஆபீசில் அனுமதி கேட்டு, வாங்கி வந்து பற்றவைத்தேன். பழைய பூசணிக்காயைக் கொண்டுவரச் சொல்லி உச்சி வெயிலில் பிடித்துப் பார்த்தோம். தண்ணீர் லேசாகக் குறைந்ததோடு சரி. அருமையான முறை என்று நினைத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டேன்.

மறுநாளே ஆள் வந்தது. காலையில் மோட்டார் சுற்றுகிறது, தண்ணீர் ஏறவில்லை என்று.

காரணம் பிறகுதான் விளங்கியது. மதுரை ஆட்கள் இணைப்பு பார்க்க ஒழுங்காக இருக்க வேண்டும் என்று, இரண்டு சட்டங்களின் மேல்பலகைகள் நான்கையும் ஒரு வரிசையாகவும், கீழ்ப்பலகைகள் நான்கையும் இன்னொரு வரிசையாகவும் கோத்திருந்தார்கள். அதனால் இரண்டு வரிசையிலும் பாதிப் பேர் கிழக்குச் சட்டத்து நிழலில். ஒரு பலகை படுத்தால் டையோடு சமாளிக்கும். நாலில் இரண்டு படுத்தால் மின்சாரத்தின் விசை பாதியாகிவிடுகிறது. பாதி விசையில் மோட்டார் சோம்பலாகச் சுற்றும், கிணற்றிலிருந்து தண்ணீரை மேலே தூக்க அது பற்றாது. பாதி விசைக்குப் பாதித் தண்ணீர் என்பது இதில் இல்லை.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் மதுரை ஆபீசின் இன்ஜினியர். என் வயதுதான் இருக்கும். மாதம் ஒரு முறை ஜீப்பில் வருவார். அந்தத் தடவை காலையிலேயே வந்து, நிழல் விலகும் மட்டும் கிணற்றடியில் உட்கார்ந்து பார்த்தார். மார்கழி வெயிலைப் பார்த்து வைத்துவிட்டோம் என்று அவரே சொன்னார். ஒரு குச்சியால் மண்ணில் எட்டுக் கட்டம் போட்டு, கோடுகளை அழித்து வேறு மாதிரி இழுத்தார். கிழக்குச் சட்டத்து நான்கும் ஒரு வரிசை. மேற்குச் சட்டத்து நான்கும் ஒரு வரிசை. நிழல் விழுகிற வரிசை விழட்டும், மற்றதை அது கெடுக்காது.

மாமா குனிந்து பார்த்தார். "அப்ப நோஞ்சான் மாட்டையெல்லாம் ஒரே ஏர்ல பூட்டிட்டு, நல்ல மாட்ட நல்ல மாட்டோட பூட்டச் சொல்றீய."

"அதேதான்" என்றார் இன்ஜினியர். "நாங்க ஏருக்கு ஒரு நோஞ்சானா பூட்டி வச்சிருந்தோம்."

வயர் ஜீப்பிலேயே இருந்தது. மத்தியானத்துக்குள் மாற்றிவிட்டோம். மறுநாள் காலை, மேற்குச் சட்டத்தில் வெயில் விழுந்து கொஞ்ச நேரத்தில் குழாயில் பெருவிரல் கனத்துக்குத் தண்ணீர் வந்தது. மெலிந்த தண்ணீர்தான். ஆனால் மற்ற முறைகளில் பதினோரு மணிக்குத் தொடங்குவது இதில் ஒன்பதுக்கு முன்பே தொடங்கியது. தொட்டி நிறைந்துகொண்டிருந்தது. பஸ் ஹாரன் அடித்தபோது போட்ட கோடுதான் எல்லாக் கோட்டுக்கும் மேலே. டையோடுகளையும் எடுக்கவில்லை. காக்கை உட்கார்ந்தாலோ இலை விழுந்து ஒட்டிக்கொண்டாலோ அவை உதவும். சின்ன நிழலுக்கு டையோடு, பெரிய நிழலுக்கு வரிசை மாற்றம், நிழலே இல்லாத இடத்துக்குத் திருப்புவது. எந்த முறை நல்லது என்று யாராவது உங்களைக் கேட்டால், நிழல் எப்படி விழுகிறது என்று முதலில் திருப்பிக் கேளுங்கள். நான் அவ்வளவுதான் கற்றுக்கொண்டேன்.

சித்திரையில் போனபோது கன்றுகளில் பாதி வாடி நின்றன. மோட்டாரில் குறை இல்லை. கிணற்றில் தண்ணீர் கீழே இறங்க இறங்க, அதே வெயிலுக்கு மேலே வரும் தண்ணீர் குறைந்துகொண்டே போயிருந்தது. தொட்டித் தண்ணீர் எல்லா வரிசைக்கும் எட்டவில்லை. மாமா ஒரு நாளும் ஒரு கன்றையும் விடாமல், எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் பாய்ச்சிக்கொண்டிருந்தார். பெரியவரிடம் போய், நிழல் போடுகிற தென்னைகளை வெட்டித் தரக் கேட்டுவிடுகிறேன், இனி வெட்கம் பார்த்துப் பயனில்லை என்று துண்டை எடுத்துத் தோளில் போட்டார். காலையில் கிழக்குச் சட்டமும் சேர்ந்துகொண்டால் ஒருவேளை எட்டும் என்பது அவர் எண்ணம்.

என்னையும் வரச் சொன்னார். எட்டுமா என்று கேட்டார். எட்டலாம், நிச்சயமில்லை என்றேன்.

அத்தை தொட்டியடியில் நின்றுகொண்டிருந்தாள். கன்று ஊன்றிய முதல் மாதம், நம் கிணற்றைத் தூர் வாரிய சமயத்தில், பெரியவர்தான் தன் முறைக்கு வந்த தண்ணீரை வரப்பை வெட்டி இந்தப் பக்கம் விட்டிருக்கிறார். அதை அவள் சொல்லவில்லை. எனக்கு முன்பே தெரியும்.

"போக வேண்டாம்" என்றாள். "எல்லாத்துக்கும் அரைத் தண்ணி ஊத்துனா எல்லாம் அரைச் சாவு சாகும். பாறை ஓரத்து வரிசைய விட்டுருவோம். அது எப்படியும் பொழைக்காது."

"நட்டதே அங்கேருந்துதானட்டி ஆரம்பிச்சோம்" என்றார் மாமா.

"தெரியும்."

மாமா துண்டைத் தொட்டிச் சுவரில் போட்டுவிட்டு, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய், பாறை ஓரத்துக்குப் போகிற வாய்க்காலின் மடையை அடைத்தார். ஈர மண்ணை வைத்துக் காலால் மிதித்தார். தண்ணீர் முட்டி நின்று, திரும்பி மற்ற வரிசைகளுக்குள் போனது.

ஆனியில் மலையிலிருந்து சாரல் வந்தபோது அந்த வரிசைகளில் கன்றுகள் செந்தளிர் விட்டிருந்தன. பாறை ஓரத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. நான் போன அன்று அத்தை பட்டுப்போன அந்தக் கன்றுக் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி முந்தானையில் அள்ளிக்கொண்டிருந்தாள். மாமா வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து வெந்நீர் அடுப்பில் வைத்து, எனக்குக் குளிக்கத் தண்ணீர் காயவைத்தாள்.